தாளை உரிக்காத காயிதக்காரர்

சேலத்திலிருந்து பவானிக்கு நடந்தே போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தன் பட்டறையை விட்டு வெளியே வராமலே அந்தத் தூரத்தைத் தினமும் நடந்து முடித்தவர் எங்கள் குமாரபாளையத்துக் காயிதக்காரர் ஒருவர்தான். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் சோற்று உருண்டை. குழம்புக்கு இரண்டு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. நான் வேலை கேட்டுப் போன அன்று, "உனக்கு என்னென்ன தெரியும் அம்மிணி?" என்று வாசலில் வைத்துக் கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்கும்போது அவர் கொல்லையில் இருந்தார். அங்கிருந்தே, "சரி, நாளைக்கு வந்துரு" என்று குரல் மட்டும் வந்தது.

பேரைக் கேட்டுவிட்டு அவரிடம் நோட்டுப் புத்தகம் வாங்க வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர் விற்றது காகிதம் அல்ல, அக்ரிலிக் ஷீட். ஊரில் அதைப் பிளாஸ்டிக் கண்ணாடி என்பார்கள். கண்ணாடி மாதிரியே இருக்கும், கீழே போட்டால் சிதறாது. மெட்ராஸிலிருந்து லாரியில் சேலத்துக்கு வரும். கீறல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் பழுப்புத் தாள் ஒட்டி வரும். அறுத்து, வளைத்து, ஒட்டி, சாமானாக ஆன பிறகு அந்தத் தாளை உரித்துவிட வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மெட்ராஸ் கம்பெனிக்காரர்களே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஆள் மட்டும் உரிக்க மாட்டார். உரித்த நிமிஷத்திலிருந்து அதன் ஆயுசு குறைய ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால்தான் அவர் காயிதக்காரர்.

சங்ககிரி லாரிக்காரர் ஒருவருக்கு நம்பர் பிளேட் செய்து கொடுத்தார். தாளோடுதான். லாரி பள்ளிபாளையம் தாண்டுவதற்குள் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். முன்னாலும் பின்னாலும் வெறும் பழுப்புத் தாள். லாரிக்காரர் திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்று கத்தினார்.

"ஏனுங்க, நம்பர் எங்கீங்க?"

"உள்ளார பத்திரமா இருக்குதுங்க" என்றார் இவர், நடந்துகொண்டே.

"உள்ளார இருந்தா போலீசுக்கு எப்படீங்க தெரியும்?"

"ரோட்டுல கல்லு தெறிக்குமுங்க. போலீசு கேட்டா நீங்க வாயால சொல்லிக்கோங்க."

அவர் வீட்டில் கல்யாணப் போட்டோவுக்கு அதே பிளாஸ்டிக் கண்ணாடியில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதிலும் தாளை உரிக்கவில்லை. அவருடைய சம்சாரம் ஒருமுறை எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பதினொரு வருசமா சுவத்துல பழுப்புக் காயிதத்தைப் பாத்துட்டு இருக்கறன் கண்ணு. அன்னிக்கு நான் என்ன சேலை கட்டியிருந்தேன்னே மறந்துபோச்சு."

சேலத்திலிருந்து ஷீட் எடுத்து வருவது தனிக்கதை. பஸ் மேலே போடச் சொன்னால் போட மாட்டார். மேலே வாழைத்தார் இருக்கும், தகர டின் இருக்கும், கீறிவிடும். ஆகவே ஷீட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, அதை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, இவர் பக்கத்தில் நின்றுகொண்டு வருவார். ஒருமுறை கண்டக்டர் கேட்டாராம்: "அதுக்குத்தான் டிக்கெட் வாங்கிட்டீங்களே, உங்க டிக்கெட்டு எங்கீங்க?" இவர், "நான் நடந்துதானுங்க வாரேன்" என்றாராம். பொய் இல்லை. பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அந்தத் தொழில் எப்படிப் பொருந்தியது என்று யாரும் ஆச்சரியப்படலாம். அக்ரிலிக்கை அவசரப்பட்டு அறுக்க முடியாது. வேகமாக இழுத்தால் சூட்டில் இளகி, அறுத்த இடமே மறுபடி ஒட்டிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆற விட்டு ஆற விட்டுத்தான் அறுக்க வேண்டும். இவர் இரண்டு இழுப்பு இழுப்பார், பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றுவார், மறுபடி இரண்டு இழுப்பு. அவர் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் ஷீட் ஆறியிருக்கும். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எத்தனையோ ஷீட்டைக் கெடுத்திருக்கிறார்கள். இவர் கெடுத்ததில்லை.

இனி என் பாடு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன். மார்க் தாளை அப்பாவிடம் கொடுத்தபோது அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ரசித்தார். நான் அதை நேராகத் திருப்பி வைக்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கமும் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்பாவுக்கு மனசில்லை. அவர் கைத்தறி நெய்கிறவர். வீட்டில் எனக்கென்று ராட்டை காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"ஒரு மாசம் போய்ப் பாரு. மாசம் முடியற அன்னிக்கு நானே பட்டறைக்கு வாரேன். நீ வேலைக்கு ஆகுமுன்னு அவரு வாயால சொல்லோணும். இல்லீனா மக்யா நாளு ராட்டை முன்னால உக்காந்து நூல்தார் சுத்து."

அந்த ஒரு மாதமும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மெட்ராஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். அப்போதுதான் அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்திருந்தது. அவர்கள் புது அளவில் எழுதியதை இவருக்கு அங்குலமாக்கிச் சொன்னேன். இவர் நடக்க நடக்க நான் பின்னால் நடந்து சொன்னேன். இருவரும் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்ததைப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாதத்தின் நடுவில் சேலத்துப் பக்கத்து மாதா கோயில் பங்கு ஒன்றிலிருந்து உபதேசியார் வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர். மாதா திருவிழாவில் சப்பரத்தின் மேல் மாதா சிலையை, அவர் சொல்லில் சுரூபத்தை, சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வைப்பார்களாம். ஒவ்வொரு வருஷமும் தெருப் பள்ளத்தில் சப்பரம் குலுங்கி, கண்ணாடி விரிசல் விடும். போன வருஷம் ஒரு துண்டு விழுந்து சப்பரம் தூக்கியவர் காலைக் கிழித்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடிக் கடைகளில் கேட்டுவிட்டு இங்கே வந்திருந்தார்.

காயிதக்காரர் சேலத்துக்கே போய்ச் சுரூபத்தை அளந்து வந்தார். பட்டறைக்கு வந்த ஷீட்களிலேயே பெரிய ஷீட் ஒன்று, சேலத்தில் இருப்பில் இருந்த ஒரே ஒன்று, வரவழைத்தோம். அப்படி இன்னொன்று வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஆகும். திருவிழாவுக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

உபதேசியார் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் சுவரில் சாய்த்து வைத்த பழுப்புத் தாளைத்தான் பார்த்தார். மூன்றாவது முறை அவர் வந்த நாள் ஒரு சனிக்கிழமை. என் மாதம் முடிகிற நாள். சாயந்திரம் அப்பா வருவார். காயிதக்காரர் பவானிக்குப் போயிருந்தார். அக்ரிலிக்கை ஒட்டக் குளோரோஃபார்ம் வேண்டும், அதை அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரிடம், "ஆபரேசன் யாருக்குங்க?" "மாதா பெட்டிக்குங்க" என்று பெரிய வழக்காடித்தான் வாங்க வேண்டும். வர நேரமாகும்.

"என்னம்மா இது" என்றார் உபதேசியார். "கண்ணாடின்னு சொல்லிட்டு மூணு தடவையா அட்டையைக் காட்டறீங்க. பங்குச் சாமியார் என்னைக் கேக்கறார், உள்ளே என்ன இருக்குன்னு. நான் என்ன சொல்ல? ஆர்டரை வாபஸ் வாங்கிட்டு வான்னுட்டார்."

ஆர்டர் போனால் பட்டறையில் என்ன இருக்கிறது? நான் எந்த முகத்தோடு அப்பா முன்னால் நிற்பேன்? படித்தவள் ஒருத்தி பட்டறையில் இருந்தும் ஒரு ஆர்டரைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றால் மார்க் தாள் எதற்கு?

"இருங்க, காட்டறேன்" என்று சொல்லி, ஷீட்டின் மூலையில் நகத்தை விட்டு நெம்பி, ஒரே இழுப்பில் தாளை உரித்தேன். துணி கிழிவது போல் ஒரு சத்தம். தாள் மூன்று துண்டாக வந்தது. பின்பக்கமும் உரித்தேன். எதிரே எதுவுமே இல்லாதது மாதிரி இருந்தது. உபதேசியார் அதன் பின்னால் போய் நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் பளபளக்கட்டும் என்று ஒரு உலர்ந்த துணியை எடுத்துத் துடைத்தேன்.

குமாரபாளையத்துக் காற்றில் பாதி காற்று, பாதி பஞ்சு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் துடைக்கத் துடைக்க, தலைவாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுவது போல, பட்டறையில் மிதந்த பஞ்சு முழுவதும் ஷீட்டின் மேல் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஜன்னல் வழியாக இன்னும் வந்தது. ஐந்து நிமிஷத்தில் ஷீட்டுக்குத் தாடி முளைத்துவிட்டது.

உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "மாதாவைக் கம்பளிக்குள்ளேயா வெக்கிறது?"

அப்போதுதான் என் காலடியில் கிடந்த தாள் துண்டுகளைப் பார்த்தேன். அதில் அவர் என்னென்னவோ கிறுக்கியிருந்தார். பால்காரர் வராத நாட்கள், ஒரு சுரைக்காய்ப் படம், நாலைந்து பென்சில் கோடுகள். அந்த நாலைந்து கோடுகள்தான் பெட்டி. சேலத்தில் அளந்து வந்த அளவு முழுவதையும் ஷீட்டின் தாள் மேலேயே போட்டு வைத்திருந்தார். எங்கே அறுப்பது, எங்கே வளைப்பது எல்லாம் அதில்தான் இருந்தது. வேறு எங்கும் எழுதவில்லை. கிழிந்து சுருண்ட துண்டுகளைச் சேர்த்து வைத்தால் கோட்டோடு கோடு சேரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காயிதக்காரர் குளோரோஃபார்ம் பாட்டிலோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே அப்பா.

காயிதக்காரர் ஷீட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த தாளைப் பார்த்தார். என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். பிறகு, அந்த மனிதர் நின்றார். சும்மா, இரண்டு காலும் தரையில் ஊன்ற, நின்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பா ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னங்க, ஆட்டுக்குட்டி மாதிரி?" என்றார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. காயிதக்காரரின் தாளைப் பற்றித் தெரியாதவர் ஊரில் யார்? "காயிதத்தை யாருங்க உரிச்சது?"

நான் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உபதேசியார் வாயைத் திறந்தார்.

"நாந்தானுங்க" என்றார் காயிதக்காரர்.

"நீங்களா?" அப்பாவால் நம்ப முடியவில்லை. "உங்கூட்டுக் கல்யாணப் போட்டோவையே நீங்க உரிக்கலையேங்க."

"ஆமாங்க. காலைல என்னமோ கை அரிச்சுது, உரிச்சுப்போட்டேன். அம்மிணி வேண்டாம் வேண்டாமுன்னு சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

அப்பா உபதேசியாரைப் பார்த்தார். பொய் சொல்லாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். திறந்த வாயை மூடினார். ஒருமுறை இருமினார். "நான் அந்தப் பக்கமா நின்னு இந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேங்க" என்றார். அது உண்மைதான்.

"அப்ப எம்புள்ளை ஆகுமுங்களா?"

"அது இல்லீனா பட்டறையைப் பூட்டிப்போட்டுப் போயிருவனுங்க. மெட்ராஸ்காரனுக்கு லெட்டர் நானா எழுதறது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரீங்க, திங்கக்கிழமை வருவா" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி, கண்டிப்பான குரலில், "படிச்ச புள்ளை வேண்டாமுன்னு சொன்னா இனிமேலாவது கேட்டுக்கோங்க" என்றார்.

"ஆகட்டுங்க" என்று காயிதக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா தெருமுனை திரும்பியதும் அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. "அம்மிணி, சோப்புத் தண்ணி கலக்கு. உணத்துன துணில துடைக்காத, ஈரத்துல துடை." அவ்வளவுதான். ஈரத்தில் துடைத்ததும் பஞ்சு மொத்தமும் வந்துவிட்டது. உபதேசியார் ஆர்டரை வாபஸ் வாங்கும் பேச்சையே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நான் அவரோடு சேலம் போய்ச் சுரூபத்தை மறுபடி அளந்து நோட்டில் எழுதினேன். போகும்போதும் வரும்போதும் இவர் பஸ்ஸுக்குள் நடந்துகொண்டேதான் இருந்தார். ஷீட்டை வெறுமனே வைத்திருக்க அவருக்குத் தாங்கவில்லை. மைதா பசை காய்ச்சி, வீட்டில் இருந்த பழைய வாரப் பத்திரிகைகளைக் கிழித்து இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டார். தொடர்கதையின் நடுவில்தான் அளவுக் கோடு போட்டோம். பெட்டி சப்பரத்தில் ஏறிய பிறகு தாளை நான்தான் தண்ணீரில் நனைத்து உரித்தேன். திருவிழாவில் சப்பரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காயிதக்காரர் ஈரத்துண்டோடு சப்பரத்தை ஊர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான் இன்னும் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறேன். கடிதமும் எழுதுகிறேன், இப்போது அறுக்கவும் தெரியும். யார் புதிதாக வந்தாலும் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "ஒருக்கா எனக்குக் கை அரிச்சுதுங்க" என்று ஆரம்பிப்பார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். நகத்தை எப்படி விட்டார், தாள் எப்படிச் சத்தம் போட்டது என்றெல்லாம், வலது கீழ் மூலையிலிருந்து கையால் இழுத்துக் காட்டுகிறார். இடது மேல் மூலையிலிருந்துதான் உரித்தேன். நான் திருத்துவதில்லை.