அப்பாவின் வயிறும் என் மேற்படிப்பும்

ஒரு பெண்ணின் படிப்பை ஓர் ஆணின் குடலில் கட்டித் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்? தாயில்பட்டியில், எங்கள் வீட்டு நியாயம்!

அப்பா பெத்தணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருக்கு வெகுநாளாய் வயிற்றுப்புண். நானோ தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, மேலே படித்தே தீருவேன் என்று நின்றேன். அப்பா சபதம் போட்டார்.

"செடிகொடி படிச்சவதான நீ? ஆத்தாளும் மகளுமாப் பச்சிலையிலேயே என் வயித்தை ஆத்துங்க, பாப்போம். சித்திரைக்குள்ள ஆறுச்சுன்னா மதுரைக்குப் போ. ஆறலைன்னா கல்யாணம்."

"ஆறுச்சா இல்லையான்னு யாரு சொல்றது?"

"வயிறு யாருது? நான்தான் சொல்லணும்."

வாதியும் அவரே, நீதிபதியும் அவரே. சாட்சியோ அவர் சட்டைக்குள்ளே!

அம்மா இருளம்மாள் தர்க்கம் பண்ணவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். விடிந்ததும் வெண்பூசணிச் சாறு. மத்தியானம் தேங்காய்ப்பாலில் மணத்தக்காளிக் கீரை. சாயங்காலம் அதிமதுரக் கஷாயம். மிளகாய் வற்றலை வீட்டைவிட்டே நாடு கடத்தினாள். அப்பாவுக்குக் கன்னம் பூரித்தது. சட்டைப் பொத்தான்கள் திணறின. ஆனால் பொழுது சாய்ந்தால் அதே பாட்டு.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"சரவெடியாட்டம் வெடிக்குது, இருளம்மா."

"பொய்!" என்று குதிப்பேன்.

"நிரூபி" என்பார்.

அம்மா என்னைக் கிள்ளுவாள். "சும்மா இருடி. அவுக வலி அவுகளுக்குத்தான தெரியும்."

எனக்கு அம்மாமேலும் ஆத்திரம்.

சித்திரை முடிகிற தறுவாயில் ஒருநாள், அப்பாவின் சாப்பாட்டோடு மோரை வைக்க அம்மா மறந்துவிட்டாளாம். என்னையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினாள். சாத்தூருக்கு லோடு அனுப்பப் போயிருந்த அப்பா அப்போதுதான் திரும்பி வாசலில் நுழைந்தார்.

பீடி, தீப்பெட்டி உள்ளே போய்விடக் கூடாது என்று அந்த வாசலில் எல்லாரும் மடியை உதறிக் காட்டவேண்டும். முதலாளியே வந்தாலும் விடாதே என்று காவல்கார மொக்கைச்சாமிக்கு உத்தரவு போட்டவர் அப்பாதான். ஆனால் அப்பா வந்தால் மட்டும் மொக்கைச்சாமி வானத்தைப் பார்ப்பார்.

"என்னண்ணே, அவுக மடியை உதறலையா? உள்ள அம்புட்டும் வெடிமருந்துல்ல!" என்றாள் அம்மா.

வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொக்கைச்சாமி நெளிந்தார்.

"ஐயா... நீக போட்ட சட்டந்தான..."

அப்பா உதறினார். பொத்தென்று விழுந்தது ஒரு பொட்டலம். செக்கச்செவேலென்று சாத்தூர்க் காராச்சேவு!

அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "ஐயையோ! புண்ணு வயித்துக்கு இம்புட்டுக் காரமா? செத்துல்ல போவீக!"

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருடி சாவா? பங்குனியிலேருந்து தெனமும் திங்கேன். சுருக்குன்னு ஒரு வலி உண்டா? இப்பக் கல்லைத் தின்னாலும் செரிக்குது எனக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

அவர் வேட்டி மடியில் தினமும் படிந்த எண்ணெய்க்கறையைத் துவைத்தது யார் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அம்மா மோரை நீட்டினாள்.

"குடிங்க. குடிச்சிட்டு, மதுரைக்கு எந்த பஸ்ஸுன்னு மகளுக்குச் சொல்லுங்க."