அப்பா உரித்த சிவப்புச் சீட்டுகள்

ஜூன் 12, வெள்ளி, காலை 6.40. ஒட்டிய சீட்டு நாற்பத்தொன்று. ஒட்டியபடி இருப்பது பூஜ்யம்.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் பிடிவாதம் உட்பட. போன் பண்ணினால் நீ அப்பா பக்கம் பேசுகிறாய், அதனால் கடிதம்.

நாளை நானும் என் பெண்டாட்டியும் புது வீட்டுக்குப் போகிறோம். ஒரு குடும்பம் இரண்டாகணும், அவ்வளவுதான் விஷயம். எங்கள் ஆய்வகத்தில் வேண்டாத தட்டுகளில் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். சீட்டு இருந்தால் பேச்சே கிடையாது, குப்பை. அதையே வீட்டிலும் ஒட்டினேன்: ஓடாத மிக்ஸி, மூடியில்லாத டப்பாக்கள், கால் ஒன்றுக்குக் கயிறு சுற்றிய ஸ்டூல். விடிந்து பார்த்தால் ஒன்றிலும் சீட்டு இல்லை. அப்பா எல்லாவற்றையும் கிழியாமல் உரித்து, சீட்டுகள் வந்த தாளிலேயே வரிசையாக ஒட்டி, என் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"நல்ல சீட்டுடா, திரும்ப ஆகும்."

"ஸ்டூல்?"

"இருடா. யாருக்கு எதுன்னு முதல்ல முடிவாகட்டும்."

ஆறு வருஷமாக நான் படிப்பது இந்த மனுஷனைத்தான் அக்கா. செல்லுக்குள் வேலை முடிந்த புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்று ஒரு சீட்டு ஒட்டும். அதைக் கண்டதும் அரவை இயந்திரம் புரதத்தைத் தின்றுவிடும். செல் இரண்டாகணும் என்றால், பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் இப்படித் தொலைந்தாகணும். அந்த நேரம் பார்த்து ஒரு நொதி வந்து சீட்டை உரிக்கும். கிழிக்கவும் கிழிக்காது, திரும்ப ஆகுமாம்! செல் அப்படியே நிற்கும். நேற்று அந்த நொதியை மருந்து போட்டு முடக்கிவிட்டேன். வீட்டு நொதிக்கும் ஏற்பாடு ஆச்சு: லாரி வரும் நேரத்தில் அப்பாவுக்குக் கண் டாக்டர், துணைக்கு அம்மா. அப்பா உனக்குப் போன் பண்ணிப் புலம்பினால் தயவுசெய்து என் பக்கம் பேசு.

மாமாவுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

அவசரத்தில்,
உன் தம்பி

பி.கு. (சனி மாலை. தபாலில் போட மறந்துவிட்டேன், நல்லவேளை.) மேலே உள்ள எதையும் நம்பாதே. செல்கள் பிரிந்தன, பிரமாதமான வேகம். ஆனால் குரோமோசோம்கள் ஒழுங்காக வரிசைக்கு வருமுன்பே பிரிந்ததால், ஒரு செல்லுக்கு ஒன்று கூடுதல், இன்னொன்றுக்கு ஒன்று குறைவு. எங்கள் ஆய்வக மேடம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "அந்த நொதி தடுக்கலப்பா. எல்லாம் சரியா நிக்குதான்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார். நேற்றே இது தெரிந்தும் நான் லாரியை நிறுத்தவில்லை. இப்போது என் வீட்டில் இரண்டு அடுப்பு, அப்பா வீட்டில் பூஜ்யம். அம்மாவின் பிரஷர் மாத்திரை என் புத்தகப் பெட்டிக்குள். ஸ்டூல் குப்பை வண்டியில் போயாச்சு. அம்மா குனிய முடியாமல் அதில் உட்கார்ந்துதான் குளிக்கிறாள் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. போனில் அவர் திட்டக்கூட இல்லை.

"சீட்டு ஒட்டினியா?"

"இல்லப்பா, நேரா ஏத்திட்டேன்."

"அதான். ஒட்டியிருந்தா பார்த்து உரிச்சிருப்பேன்."

இனி செய்யப்போவது:

1. இப்போதே மாத்திரையும் ஒரு அடுப்பும் அங்கே கொண்டுபோவது.
2. நல்ல ஸ்டூல் வாங்குவது. அப்பா உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் காசு கொடுப்பது.
3. சிவப்புத் தாளை அப்பாவிடமே கொடுத்துவிடுவது.
4. அதிலிருந்து எடுத்துவைத்த ஒரே ஒரு சீட்டை இந்தக் கடிதத்தின் மேல் ஒட்டி அனுப்புவது. நீயும் அப்பா பெண்தான், தெரியும். உரிக்காதே.