சாம்பிள் சார் வீட்டு வாசல்

தாம்பரத்துக்குத் தெற்கே, சாம்பிள் சார் தன் வீட்டு வாசலுக்குச் செய்த அலங்காரத்தை எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் யாரும் செய்ததில்லை.

பீர்க்கன்கரணையில் என் பக்கத்து வீட்டுக்காரர் அவர். ரிட்டயரானவர், மனைவி போனபின் தனி ஆள். "வீட்டை வித்துட்டு இங்கேயே வந்துடுங்கப்பா" என்று புனேயிலிருக்கும் மகள் விடாமல் நச்சரித்ததில், ஒருவழியாகப் புரோக்கரை வரவழைத்தார். வந்தவர் வாசலில் நின்றபடியே உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள இன்னா கீதுன்றத அப்பால பாத்துக்கலாம் சார். வர்ற பார்ட்டி கார வுட்டு எறங்கசொல்லவே வூடு சிரிக்கணும்."

அவ்வளவுதான். சார் வீட்டைச் சிரிக்கவைக்கக் கிளம்பிவிட்டார்.

பிஸ்தா பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் கலர் என்று முன்சுவரெங்கும் திட்டுத் திட்டாக சாம்பிள் பூசினார். தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். தெருவில் போகிற யாரையும் அவர் விடவில்லை. கூரியர்காரர், சிலிண்டர் போடுபவர், வழி தவறி வந்தவர் எல்லோரும் உள்ளே போய்க் காபி குடித்து, கலர் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். மஞ்சள் என்றால், "ஏன், பச்சைக்கு என்ன குறைச்சல்?" என்று இன்னொரு அரைமணி நேரம் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பினால், என் காம்பவுண்டுச் சுவர் பிஸ்தா பச்சையில் பளபளத்தது.

"சார், இது என் சுவரு!"

"தெரியும் தம்பி. என் வீட்டைப் பார்க்கிறவங்க கண்ல அதுவும் படுதே. அழுது வழிஞ்சுது. அப்படியே பால்கனில தொங்குற அந்தக் கைலியையும் எடுத்துடுங்களேன்."

தெருநாயைக்கூடக் குளிப்பாட்டி கேட்டருகே உட்காரவைத்தார். அது மறுநாளே வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

முதலில் வந்த தம்பதிக்கே வீடு பிடித்துப்போனது. "வாசலைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேங்க" என்றார் அந்தப் பெண். புரோக்கர் துள்ளினார். சார் முகம் மட்டும் தொங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், சந்தோஷமான விஷயம்தானே?"

"முதல் பார்ட்டியே வாங்கிடுச்சே தம்பி! இன்னும் நாலு பேர் வருவாங்க, உட்கார்ந்து பேசுவாங்கன்னு நினைச்சேன். அவ போனதுக்கப்புறம் இந்த கேட்டைத் திறந்துகிட்டு யாரு உள்ளே வந்தா, சொல்லுங்க? இந்தக் கொஞ்ச நாளாத்தான் வீட்ல நாலு டம்ளர் கழுவுறேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொண்டுவந்த காபியை இருட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம்.

இப்போது அவர் இருப்பது மகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே வெளிச்சுவரில் ஆணி அடிக்கக்கூட அசோசியேஷனைக் கேட்க வேண்டுமாம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வார். "நம்ம ஊர் ஏரில தண்ணி வந்துடுச்சா தம்பி?" என்று ஆரம்பிப்பார். மழை, வெயில், முழங்கால்வலி எல்லாம் பேசித் தீர்ந்த பிறகும் லைனில் சும்மா இருப்பார்.

நானும் போனை வைப்பதில்லை.