கடிக்காத எழுத்து

"நாய்க்குட்டி எங்க சார்? பிஸ்கட் கொண்டாந்திருக்கேன்."

வாசலில் நின்ற மூன்றாம் மாடிக்காரரைப் பார்த்து எழுத்துக்காரர் திருதிருவென விழித்தார். அவர் வீட்டில் நாய் இல்லை. பூனைகூட இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்குக் குடிவந்தவர். அவரையும் கம்ப்யூட்டரையும் விட்டால் உள்ளே வேறு ஆளில்லை.

எழுத்துரு வரைவதுதான் அவர் தொழில். பொம்மைக் கம்பெனி ஒன்றின் விளம்பரப் பலகைகளுக்காக, மூலை முடுக்கே இல்லாத உருண்டை எழுத்து ஒன்றை மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தார். மணியடித்துக் கழுத்தை அறுக்கும் விற்பனை ஆட்களை விரட்ட, 'நாய் இருக்கிறது, ஜாக்கிரதை' என்று அச்சடித்துக் கதவில் ஒட்டினார். புது எழுத்தைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று என்று அதே உருண்டை எழுத்தில் அடித்தார் பாருங்கள், வினை அங்கேதான் வந்தது.

"தூங்குது," என்று மூன்றாம் மாடிக்காரரிடம் அப்போதைக்குச் சமாளித்தார்.

பயம் போதவில்லை என்று எழுத்தைத் தடிமனாக்கினார். உருண்டை எழுத்தைத் தடிக்க வைத்தால் என்ன ஆகும்? கொழுகொழுவென்று ஆகும். மறுநாள் கீழ்வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச வந்துவிட்டார்கள்.

"குளிக்கப் போயிருக்கு."

'கடிக்கும்' என்று சேர்த்தார். அந்தச் சொல்லில் கொஞ்சம் கூர்மை இருந்தால் அது டகரத்தின் மூலையில்தான் இருக்க வேண்டும். அதையும் மனுஷன் ஏற்கெனவே மழுக்கித் தொலைத்திருந்தாரே! விரட்ட நினைத்த விற்பனை ஆளே நாய்த்தீனிப் பொட்டலத்தோடு வந்து நின்றான். பின்னாலேயே மாடிவீட்டு டீச்சர், கையில் பந்தோடு.

"ஏன் சார், கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க? அவ்வளவு பொத்திப் பொத்தியா வளர்க்கிறீங்க?"

"அது... செத்துப்போச்சும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, குடியிருப்பே திரண்டு வந்துவிட்டது. நாற்காலி போதாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். யாரோ உரிமையோடு அடுப்படியில் புகுந்து டீ போட்டார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலமாரியில் கிடந்த டம்ளர்கள் அத்தனையும் ஒருசேர வெளியே வந்தது அன்றுதான்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்கள் வரும்போது எரிச்சலாக இருந்தது; போகும்போது ஏன் இப்படி வலிக்கிறது? நாய் செத்தாயிற்று. இனி எதற்காக யார் வருவார்கள்? இத்தனை நல்ல மனிதர்களை ஏமாற்றிவிட்டோமே என்ற வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

எதிர்வீட்டு அம்மா மட்டும் டம்ளர் கழுவ நின்றுவிட்டார். அவரிடமாவது உண்மையைக் கொட்டிவிடலாம் என்று பக்கத்தில் போனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. என்கிட்ட நாயே கிடையாது. யாரும் வரக்கூடாதுன்னுதான் கதவுல அந்த அறிவிப்பை ஒட்டினேன்."

அந்த அம்மா கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நாய் இல்லைன்னு எங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும் சார். ஆனா அந்த எழுத்தைப் பார்த்தா, 'யாராவது வாங்களேன்'னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு."