ஓர் அத்தை, இரண்டு உடம்பு

தின்கன்ஜூன் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் மாடியில் அமெரிக்கா வந்து இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கே படிக்கட்டு நிறையக் கூட்டம். அமெரிக்க முறை நோய்ப் பரிசோதனையாம்; ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. ஒரு பித்தளைக் குழாயைக் கையில் பிடித்தால் போதும். நாற்பது நோயும் ஒரே நிமிடத்தில் கணினித் திரைக்கு வந்துவிடும்.

டாக்டர் சிவராஜ் வெள்ளைக் கோட்டில் விளக்கினார். அமெரிக்காவில் நோயாளி என்று யாரும் கிடையாதாம், உறுப்பினர்கள்தானாம். வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகை. வைத்தியத்துக்கும் நகைக்கடைக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. தலையாட்டினார்கள்.

என் மாமியார் தைலம்மாளும் ஆட்டினார். அவருக்குச் சிறுநீரகம் பழுது என்றது குழாய். தங்க உறுப்பினராகிச் சொட்டு மருந்து குடிக்க வேண்டும். இன்சுலினை அன்றே நிறுத்த வேண்டும்.

என் மனைவிக்கும் கடைசியில் ஒரு சொட்டு மருந்து இருந்தது. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"இனிமே ஊசி வேணாம் மாப்ள," என்றார் அத்தை. "அமெரிக்காவே சொல்லிருச்சு."

நான் வாதாடவில்லை. இங்கே பர்மாவில் நம் தமிழ் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். மத்தியானம் அட்டைப் பெயரில் இன்னொரு முறை போய்ப் பார்ப்போம் என்றேன். அத்தை, பர்மியப் பெண்கள் பூசுகிற தனாக்கா மரப்பட்டைச் சாந்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டார். மாறுவேடமாம். பூசியிருக்க வேண்டியதில்லை, அங்கே முகத்தைப் பார்க்கிற வழக்கமே இல்லை.

அட்டையில் இருந்த ‘டோ கின் தான்’ என்ற பெயரில் அத்தையின் சிறுநீரகம் வைரம் போல இருந்தது. கர்ப்பப்பையில்தான் கட்டி.

"அத எடுத்துப் பன்னெண்டு வருசமாச்சு, சயா," என்றார் அத்தை, டாக்டருக்குரிய பர்மிய மரியாதை குறையாமல். "காலைல தைலம்மாளா வந்தேன். கிட்னி போச்சுன்னீங்க. சோறு தின்னு வர்றதுக்குள்ள சரியாப்போச்சா?"

சிவராஜ் குழாயைத் துடைத்தார். இணையம் சரியில்லை என்றார். அமெரிக்காவில் இப்போது இரவு என்றார்.

வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர் ஜாபர் தன் அட்டையை நீட்டினார். "இந்தப் பேர்ல ஒரு தடவ பாருங்க, சயா. ரத்தக் கொதிப்பு இல்லேன்னா இதையே வெச்சுக்கிறேன்."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொரு அட்டையாக வெளியே வந்தது.

மறுநாள் மாடியில் பூட்டு. அத்தை வீட்டில் ஊசி போட்டுக்கொண்டார்.

பூட்டுக்கு முன்னாலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு. நிற்கிற நேரத்தில் யாரும் கேட்காத அந்த நகைக்கடைக் கேள்வியையும் யோசித்து வையுங்கள், ஐயா. அதற்கு வெள்ளி உறுப்பினராகக்கூட ஆக வேண்டாம்.