தொழிற்பெயருக்கு முன்னால் ஒரு மனைவி

மனைவியை நார்வேக்கு அனுப்புவதில்லை என்று ஆம்ப்ரோஸ் தர்ட்டில் முடிவு கட்டியபோது, பேரி மரத்துப் பூக்கள் அவர் மார்பில் உதிர்ந்துகொண்டிருந்தன. துணி நாற்காலியில் சாய்ந்தபடி எடுத்த முடிவு. அவருடைய பெரிய முடிவுகள் எல்லாமே படுத்த வாக்கில் எடுக்கப்பட்டவைதான். எழுந்தால் மறந்துவிடும். அதனால் அவர் எழுந்திருக்கவில்லை.

இங்கிலாந்தின் கடலோர ஊரான லோஸ்டாஃப்டில் ஒரு வாரப் பத்திரிகைக்கு முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்தில் கனவு காண்பதே வேலை. தேனீக்கள் முணுமுணுக்கும், கடல் தூரத்தில் மூச்சு விடும், ஆம்ப்ரோஸ் மிதப்பார். கனவில் யாராவது காற்புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்தால் மட்டும் விழித்துக்கொள்வார்.

வினிஃப்ரெட்டுக்குக் கனவு காண நேரம் இருந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டியவள். இப்போது அறுபத்து நாலு வயதில், நார்வேக்கு ஆறு வாரம் போய்வரும் பழைய பாய்மரக் கப்பலுக்குச் சமையலாள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டாள். ஒரே நிபந்தனை: அறுபது தாண்டியவர்கள் வீட்டாரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வர வேண்டும்.

"வின்னி, ஐ டோன்ட் லைக் யூ கோயிங்" என்றார் ஆம்ப்ரோஸ், நாற்காலியிலிருந்தே.

"என்ன சொன்ன? ‘யூ கோயிங்’கா?"

ஆம்ப்ரோஸ் வெலவெலத்துப் போனார். முப்பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனைவியைக் கோபத்தில் திட்டியதுண்டு. இலக்கணம் தப்பித் திட்டியதில்லை. ‘ஐ டோன்ட் லைக் யூ’ என்றதுமே வாக்கியம் நேரே அவள் மேல் போய் மோதுகிறதே! பிடிக்காதது அவளையா? அவள் போவதையல்லவா? ‘கோயிங்’ தொழிற்பெயர். அதற்கு முன்னால் உடைமைச் சொல்தான் வர வேண்டும். ஊரே இதை மறந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் மறக்கலாமா?

"யுவர் கோயிங்" என்று அவசரமாகத் திருத்தினார்.

"‘யுவர்’னா?"

"உன்னுடைய."

"அப்ப போறது என்னோடது. என் சாமானுக்கு நீ எதுக்குப் பூட்டுப் போடற?"

"இது இலக்கணம் வின்னி, சாமான் இல்ல."

"உனக்குத் தொழிற்பெயர் நல்லாத் தெரியுது. தொழில்தான் ஒண்ணும் தெரியல. நான் இல்லேன்னா ஒரு முட்டை அவிப்பியா?"

"அதனாலதான் போகாதேங்கறேன்."

"முட்டைக்காகவா?"

இல்லை. முந்தின நாள் மதியக் கனவில் வீட்டுக்குள்ளே போயிருந்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கெட்டில் சத்தமே போடவில்லை. கூப்பிட்டால் ஒவ்வொரு அறையும் அவர் குரலையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. இதையெல்லாம் ஒரு மனுஷன் மனைவியிடம் எப்படிச் சொல்வான்?

"ஆமா, முட்டைக்காகத்தான். கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி" என்றாள் வினிஃப்ரெட்.

ஒரே சொல். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ஆம்ப்ரோஸ் கண்ணை மூடினார். அப்பாவி.

மறுநாள் மதியம் அவர் அரைத் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, வினிஃப்ரெட் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனாள். தட்டுக்கு அடியில் ஒரு காகிதம். பக்கத்தில் சிவப்புப் பென்சில். ஆம்ப்ரோஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். ‘ஐ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன் டு மை வைஃப் செய்லிங்...’

வைஃப் செய்லிங்! வைஃப்ஸ் செய்லிங் என்றல்லவா இருக்க வேண்டும்? கை தானாகப் பென்சிலை எடுத்தது. அடுத்த வரியில் இன்னும் மோசம். தொழிற்பெயருக்கு முன்னால் ‘மீ’ என்று ஒன்று கூச்சமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதை ‘மை’ ஆக்கினார். பிழை திருத்துகிறவர்கள் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்ப்பதில்லை. தம் மாமாவின் மரண அறிவிப்பையே பிழையில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அத்தை ஏன் கறுப்பு உடுத்தியிருக்கிறாள் என்று கேட்டவர் அவர். கடைசியில், சுத்தமான பிரதிக்குப் போடுவதுபோலக் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு, மறுபடி தூக்கத்துக்குள் இறங்கினார்.

விழித்தபோது காகிதம் இல்லை.

"வின்னி! அது எங்க?"

"தபால்ல போயாச்சு."

"நான் எங்க சம்மதிச்சேன்? பிழையைத்தானே திருத்தினேன்!"

"கையெழுத்துப் போட்டிருக்கியே."

"அதுக்கு இதுல பிழை இல்லன்னுதான் அர்த்தம்!"

"நானும் அதைத்தான் சொல்றேன். நான் போறதுல பிழை இல்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட."

மே மாதக் காலை. துறைமுகம் முழுக்கப் பால் மாதிரி மூடுபனி. அதற்குள்ளிருந்து கப்பல், யாரோ பாதியில் விட்ட கனவுபோல மெல்ல மெல்ல உருவம் எடுத்தது. ஆம்ப்ரோஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினார். கை இற்றுவிடும்போல் இருந்தது.

"ரெண்டு பேர் துணி மாதிரி கனக்குதே?"

"வடக்க குளிரு" என்றாள் வினிஃப்ரெட்.

பெட்டியை மேல்தளத்தில் இறக்கி வைத்தார். இறங்கிப் போக வேண்டும். கால் வரவில்லை. "வின்னி, நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. முட்டை எல்லாம் சும்மா சொன்னது." இலக்கணம் சரியா என்று அவர் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

கேப்டன் ஹால்வார்ட், தாடியில் பனி முத்துக்களோடு வந்தார். "மிஸ்டர் தர்ட்டில்! உங்க கடிதம் பிரமாதம். அதுவும் அந்த ரெண்டாவது வரி!" பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தம் சிவப்புத் திருத்தங்களுக்கு நடுவே, ஆம்ப்ரோஸ் முதல்முறையாக விஷயத்தைப் படித்தார். மனைவி கப்பலில் போவதில் ஆட்சேபணை இல்லையாம். கூடவே போய்த் தினமும் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதிலும் தனக்கு ஆட்சேபணை இல்லையாம்.

"வின்னி, என் பாஸ்போர்ட்டு..."

"என் பையில."

பாய்கள் மேலே ஓசையில்லாமல் விரிந்தன. கரை நகர்ந்தது. கலங்கரை விளக்கம், மீன் கூடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பனியில் கரைந்தன. விழித்திருக்கிறோமா, துணி நாற்காலியில்தான் கிடக்கிறோமா என்று ஆம்ப்ரோஸுக்கே சந்தேகம் வந்தது. இருந்தாலும் மனது என்னவோ லேசாக இருந்தது.

வினிஃப்ரெட் ஒரு மூட்டையை அவர் முன்னால் தள்ளி, கத்தியைக் கையில் கொடுத்தாள்.

"கனவு கண்டுக்கிட்டே சீவலாம் ஆம்ப்ரோஸ். விரல் மட்டும் பத்திரம்."