மாமி ஏறாத கார்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச்சாவடி தூரத்தில் தெரிந்தாலே நவரட்ணராஜா சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். பேராதனைக்கு வேலைக்குப் போகிற வழியிலேயே கண்டியில் இறக்கிவிடச் சொல்லி அவருடைய பழைய வானில் தினமும் எட்டுப் பேர். எட்டுப் பேரும் மனைவி பத்மாதேவியின் ஆட்கள். முன்சீற்றில் மாமி, பத்மாவின் தாய். அவர் துவக்கோடு நிற்கிற சிப்பாயிடமே, "தம்பி, சாப்பிட்டியே?" என்று தமிழில் கேட்பார். என்றைக்காவது அவன் எரிந்து விழப்போகிறான் என்று மருமகனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வானைப் பக்கத்துவீட்டு தாஸிமிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய குட்டிக்காரை வாங்குவது.

"இஞ்சேரும், வானெண்டால் ஒன்பது அடையாள அட்டை. கார் சின்னன். ஒரு அட்டை, ஒரு ஆள். கையைக் காட்டி விட்டிடுவான்."

"அப்ப அம்மா?"

"அவவின்ரை முழங்கால் அதுக்குள்ளை மடங்காதப்பா." முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டார்.

"ஓம், மாத்துங்கோ."

அவள் இவ்வளவு சுலபமாக ஓமென்றதற்கே மனுஷன் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

திங்கட்கிழமை காலை காரில் தனியே ராசா மாதிரிப் புறப்பட்டார். சாவடியில் சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். பெண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. தனி ஆள். அதுவும் தமிழ் ஆள்.

"பஹின்ன!" என்று சிங்களத்தில் அதட்டினான்.

இறங்கினார். பொனற்றைத் திறந்தார்கள். சீற்றைக் கழற்றினார்கள். இடியப்பப் பார்சலையும் அவிழ்த்து, சம்பலைக் கிளறிப் பார்த்தார்கள். இரண்டரை மணித்தியாலம் வெயிலில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. வானில் போன காலத்தில் ஒருநாளும் அவரை இறக்கியதில்லை. மாமியைக் கண்டதும் இதே சிப்பாய் சிரித்து, "யன்ன அம்மே" என்று வழிவிட்டிருக்கிறான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"பத்மா, நாளைக்கு மாமியும் என்னோடை வரட்டுமே? பேராதனைக் காத்து உடம்புக்கு நல்லது."

"ஐயோ, முழங்கால் மடங்காதே! வானெண்டால் வருவா."

"வான் இப்ப தாஸிமின்ரையெல்லோ?"

"ஒரு கிழமைக்கு ஒருத்தருக்கும் வித்துப்போடாதேங்கோ, இவர் திரும்பக் கேட்டு வருவாரெண்டு தாஸிம் நானாட்டை அண்டைக்கே சொல்லிப்போட்டன். இந்தாங்கோ, அவர் தந்துவிட்ட வான் திறப்பு."